துறையில் ஒரு விலை, தட்டில் ஒரு விலை

பிராங்பேர்ட்டில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்



ஐரோப்பாவின் எந்த நாடு கடலில் எவ்வளவு இறால் பிடிக்கிறது, அதன் மதிப்பு எத்தனை யூரோ என்று ஆண்டுதோறும் அட்டவணைகள் வெளிவருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகம் ஒன்றைத் தருகிறது. மீன் சந்தையைக் கவனிப்பதற்கென்றே ஒன்றியம் நடத்தும் இயுமோஃபா என்ற கண்காணிப்பகம் இன்னொன்றைத் தருகிறது. ரோமில் இயங்கும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் உலகம் முழுவதற்குமான கணக்கை வைத்திருக்கிறது. ஒரு பக்கம் ஸ்பெயின், இத்தாலி, நெதர்லாந்து, ஜேர்மனி, டென்மார்க் என்று நாடுகளின் பெயர்கள், மறுபக்கம் யூரோ. பார்த்தவுடன் எல்லாம் விளங்கிவிட்டதுபோல் தோன்றும். அந்த யூரோவுக்குள் என்ன இருக்கிறது, அதில் யாருடைய உழைப்பு விடுபட்டிருக்கிறது என்பதே இன்றைய பேச்சு.

யூரோவைப் பற்றிப் பேசுவதற்கு பிராங்பேர்ட்டைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. ஐரோப்பிய மத்திய வங்கி இன்று நிற்கும் இடம் முன்பு காய்கறியும் பழமும் கைமாறிய மொத்தச் சந்தை. 1928இல் திறக்கப்பட்ட அந்தப் பெரிய மண்டபத்தை இடிக்காமல் வைத்துக்கொண்டுதான் வங்கியின் கோபுரங்கள் எழுந்தன. பெட்டி பெட்டியாகச் சரக்கு வைத்து விலை பேசிய அதே தரையில் இப்போது நாணயத்தின் மதிப்பு பேசப்படுகிறது.

அட்டவணையின் எண் எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். படகு கரை சேர்கிறது. பிடிபட்டது நிறுக்கப்படுகிறது. முதல் வியாபாரி ஒரு விலை கொடுக்கிறார். அந்த எடையையும் விலையையும் பெருக்கினால் வருவதுதான் மதிப்பு. துறைமுகத்துப் படிக்கட்டிலேயே நின்றுவிடும் கணக்கு அது. அதன் பிறகு இறாலை உரித்தவர், உறையவைத்தவர், லொறியில் ஏற்றியவர், கடையில் விற்றவர் எவரும் அதற்குள் வருவதில்லை.

நாட்டின் பெயரும் பார்ப்பவர் நினைக்கும் பொருளில் அங்கே இல்லை. மீன்பிடிக் கணக்கில் நாடு என்றால் படகில் பறக்கும் கொடி. மொரிட்டானியா, கினி-பிசாவு போன்ற மேற்கு ஆபிரிக்க நாடுகளோடு ஐரோப்பிய ஒன்றியம் ஒப்பந்தம் செய்திருக்கிறது. அந்தக் கடல்களில் ஸ்பானியப் படகுகள் இறாலுக்கு வலை இழுத்திருக்கின்றன. அந்த இறால் ஸ்பெயினின் பெயருக்கு நேரேதான் ஏறும். கடல் ஆபிரிக்காவுடையது, மதிப்பு ஐரோப்பாவுடையது.

இறால் என்ற ஒரே தலைப்பின்கீழ் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத உயிர்கள் அடுக்கப்பட்டிருப்பது அடுத்த சிக்கல். வடகடலின் சாம்பல் இறால் விரல் நீளம்கூட இராது. நோர்வேயிலும் கிரீன்லாந்திலும் பிடிபடும் இளஞ்சிவப்பு இறால் குளிர்நீரில் மெதுவாக வளர்வது. மத்தியதரைக் கடலின் செவ்விறாலோ பல நூறு மீற்றர் ஆழத்திலிருந்து வருகிறது. சாதாரண ஆண்டில் சாம்பல் இறாலுக்குத் துறையில் கிலோவுக்கு ஒரு சில யூரோதான். நத்தார் நெருங்கும்போது ஸ்பெயினின் தேனியா ஏலத்தில் செவ்விறாலின் பெரிய ரகம் 100 யூரோவைத் தாண்டிப் போகும். தொன் கணக்கில் சிறிய நாடு யூரோ கணக்கில் பெரிய நாடாகிவிடுவது இதனால்தான்.

ஜேர்மனியில் வாழும் தமிழருக்குக் கிட்ட இருப்பது வடகடல் இறால். பிராங்பேர்ட்டிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீற்றர் வடக்கே பியூசும், ஹூசும், குக்ஸ்ஹாஃபன், கிரேட்சீல் என்று சிறு சிறு துறைகள். ஜேர்மன் கரை முழுவதிலும் சேர்த்துச் சுமார் 200 இறால் படகுகள்; நெதர்லாந்திலும் ஏறக்குறைய அவ்வளவு; டென்மார்க்கிலும் பெல்ஜியத்திலும் கொஞ்சம். எல்லாமாக ஆண்டொன்றுக்கு 30,000 தொன் அளவில் பிடிபடுவது வழமை. அதில் பாதியளவு நெதர்லாந்துக்கு, அடுத்த பெரும் பங்கு ஜேர்மனிக்கு. வாடன் கடல் என்று பெயர்பெற்ற, கடல் வற்றும்போது மைல் கணக்கில் சேற்றுத்தரை வெளிப்படும் கரையோரமே இதன் விளைநிலம். யுனெஸ்கோ 2009இல் அதை உலக மரபுச் சொத்தாக அறிவித்தது.

படகின் இருபுறமும் இரண்டு நீண்ட கைகள் விரிந்திருக்கும். ஒவ்வொரு கையிலும் ஓர் இரும்புச் சட்டம் தொங்கும். சட்டத்தின் பின்னால் மடி. சட்டத்துக்கு முன்னால் கயிற்றில் கோத்த உருளைகள் தரையில் உருண்டு போகும்போது சேற்றில் பதுங்கிக் கிடக்கும் இறால் துள்ளி எழும். எழுந்ததை மடி வாரிக்கொள்ளும். மேலே வந்ததும் சல்லடை. மீன்குஞ்சும் நண்டும் பொடி இறாலும் கடலுக்குத் திரும்ப, தேறியது நேரே கொதிக்கும் கடல்நீர்க் கொப்பரைக்குள் போகும். சில நிமிடத்தில் சாம்பல் நிறம் செம்பழுப்பாக மாறி, உடல் வளைந்து மேலே மிதக்கும். விரைவில் பழுதாகும் பண்டம் என்பதால் படகிலேயே அவித்தாக வேண்டும். துறைக்கு வரும்போதே அது சமைத்த உணவு.

இனி உரிக்க வேண்டும். தலைப் பக்கத்தை ஒரு கையின் இரண்டு விரலாலும் வால் பக்கத்தை மறு கையாலும் பிடித்து, நடுவில் இலேசாகத் திருகினால் ஓடு நொறுங்கும் மெல்லிய சத்தம் கேட்கும். வால் ஓட்டைக் கழற்றிவிட்டுத் தலையிலிருந்து சதையை உருவ வேண்டும். அவசரப்பட்டால் பாதிச் சதை ஓட்டுக்குள்ளேயே நின்றுவிடும். கையில் மிஞ்சுவது சின்னஞ்சிறு வளைந்த துண்டு ஒன்று. ஒரு கிலோவில் இப்படிப் பல நூறு இறால் இருக்கும். அத்தனையையும் உரித்து முடித்தால் கிடைப்பது 300 முதல் 350 கிராம் சதை.

கரையோரக் கிராமங்களில் ஒரு காலத்தில் இது வீட்டு வேலை. அடுப்படி மேசையைச் சுற்றி அம்மாவும் பாட்டியும் பிள்ளைகளும் அமர்ந்து உரித்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினார்கள். சுகாதார விதிகள் இறுகியதும், 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் வீட்டில் உரிப்பது ஏறக்குறைய முற்றாக நின்றது. வியாபாரிகள் முதலில் போலந்துப் பக்கம் பார்த்தார்கள். பிறகு மொரோக்கோவுக்குப் போனார்கள். டாஞ்சியரிலும் தெத்துவானிலும் பெரிய மண்டபங்களில் வெள்ளை அங்கியும் தலைமூடியும் அணிந்த பெண்கள் வரிசையாக அமர்ந்து வடகடல் இறாலை உரிக்கிறார்கள். கூலி எடைக்கு. ஜேர்மன் கரையில் பிடித்து அவித்த இறால் குளிரூட்டிய லொறியில் நெதர்லாந்து போய், பிரான்ஸ், ஸ்பெயின் தாண்டி, ஜிப்ரால்டர் நீரிணையைக் கப்பலில் கடந்து, உரிபட்டு, அதே வழியில் திரும்பி வருகிறது. இத்தனை பயணத்தைத் தாங்கக் காப்புப் பொருள் சேர்க்கிறார்கள். பியூசும் துறைமுகத்துக்கு எதிரே பாணுக்குள் வைத்து விற்கும் இறால்கூடப் பெரும்பாலும் ஆபிரிக்கா போய் வந்ததுதான்.

உரிக்கும் இயந்திரங்கள் இல்லாமல் இல்லை. குக்ஸ்ஹாஃபன் பக்கத்திலும் நெதர்லாந்திலும் அவற்றை உருவாக்கி ஓட்டுகிறார்கள். ஆனாலும் சின்ன இறாலைச் சிதைக்காமல் எடுப்பதில் பழகிய விரலோடு போட்டியிட்டு, அந்தக் கூலிக்கும் கட்டுப்படியாக ஓர் இயந்திரம் பெருவாரியாகப் பரவவில்லை. வடகடல் இறாலின் மதிப்பை உண்மையில் தாங்கி நிற்பது அந்தப் பெண்களின் விரல்கள். அட்டவணையில் மொரோக்கோவின் பெயர் இல்லை.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது இது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. மொரோக்கோவின் மண்டபங்களில் இடைவெளி விட்டு உட்கார வேண்டியிருந்ததால் உரிப்போர் எண்ணிக்கை குறைந்தது. உடனே வடகடலில் படகுகளுக்குப் பிடி அளவு கட்டுப்படுத்தப்பட்டது. கடலில் இறால் இருந்தது, படகில் டீசல் இருந்தது, மீனவர் தயாராக இருந்தார். 2,000 கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு மேசையில் பாதி நாற்காலி காலியானதும் துறையில் வருமானம் விழுந்தது. இந்தத் தொழிலின் மதிப்பு எங்கே தங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

யார் கையில் விலை இருக்கிறது என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. வடகடல் இறாலின் பெரும்பகுதியை வாங்கி, உரிக்க அனுப்பி, கடைகளுக்கு விற்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்கள். சௌட்காம்ப் என்ற டச்சு ஊரின் ஹைப்ளுக்கும், ஃபோலண்டாமின் கிளாஸ் பியூலும் அவற்றில் பெரியவை. ஐரோப்பிய ஆணையம் 2009 மார்ச்சில் திடீர்ச் சோதனை நடத்தியது. 2013 நவம்பர் 27 அன்று தீர்ப்பு வந்தது. ஹைப்ளுக், கிளாஸ் பியூல், ஸ்டூர்க், கொக் சீஃபுட் ஆகிய நான்கும் கூட்டுச் சேர்ந்து விலை பேசி, விற்பனையைப் பங்குபோட்டுக்கொண்டன என்று ஆணையம் முடிவு செய்தது. முக்கியமான இரண்டுக்கும் இடையே அந்தக் கூட்டு 2000 ஜூனிலிருந்து 2009 ஜனவரி வரை நீடித்திருந்தது. மொத்த அபராதம் 2 கோடியே 87 இலட்சம் யூரோ. அதில் 2 கோடியே 70 இலட்சத்துக்கு மேல் ஹைப்ளுக்குக்கு. கூட்டை முதலில் அறிவித்த கிளாஸ் பியூலுக்கு முழு விலக்கு.

கடையில் வாங்குவோர் கொடுக்க வேண்டிய விலையோடு அந்தப் பேச்சு முடியவில்லை. மீனவருக்கு என்ன விலை கொடுப்பது என்பதையும் இந்த நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டன என்று ஆணையம் சொன்னது. எட்டரை ஆண்டுகள் அட்டவணையில் ஏறிய யூரோ, சந்தையில் இயல்பாக உருவான விலை என்று எல்லோரும் வாசித்த எண். இரவு முழுவதும் அலையில் ஆடிவிட்டு விடியலில் துறைக்கு வந்த படகோட்டிக்கு அந்த விலை ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

அபராதம் வந்தபின் ஹைப்ளுக் 2014 ஜனவரியில் வங்குரோத்தாகி, வேறு உரிமையாளரின் கீழ் உடனே மீண்டும் தொடங்கியது. எட்டரை ஆண்டு குறைவாக வாங்கிய மீனவருக்கு அபராதப் பணத்திலிருந்து ஒரு சதமும் போகவில்லை. அபராதம் ஒன்றியத்தின் வரவு செலவுக் கணக்கில் சேர்வதே விதி.

துறையின் விலை எப்படி ஆடும் என்பதற்கு இரண்டு ஆண்டுகளைப் பார்த்தாலே போதும். 2011 வசந்தத்தில் கடலில் இறால் ஏராளம். துறையில் விலை கிலோவுக்கு 2 யூரோவுக்கும் கீழே இறங்கியது. டீசல் செலவுக்கே போதாத விலை. ஜேர்மனி, நெதர்லாந்து மீனவர் படகுகளைக் கட்டிப்போட்டுக் கிழமைக்கணக்கில் தொழில் நிறுத்தினார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 2016இல், எல்லாம் தலைகீழாகியது. வைட்டிங் என்ற மீன் பெருகி இளம் இறாலைத் தின்றதும் ஒரு காரணம் என்று ஆய்வாளர் சொன்னார்கள். வலைகள் வெறுமையாக வந்தன. துறையில் கிலோ 10 யூரோவைக் கடந்தது. கரையோரக் கடைகளில் இறால் பாணின் விலை கேட்ட சுற்றுலாப் பயணிகள் திரும்பிப் போனார்கள். எடையும் விலையும் எதிர்த் திசையில் ஓடும் இப்படிப்பட்ட இரண்டு ஆண்டுகளின் மதிப்பை அட்டவணை ஒரே உயரத்தில்கூடக் காட்டிவிடும். அந்த உயரத்துக்குள் ஓர் ஆண்டு வீண் உழைப்பும் மறு ஆண்டு வெறும் வலையும் இருப்பது அதில் தெரியாது.

இந்த இறாலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் பிடி ஒதுக்கீடு வைப்பதில்லை. ஆகவே ஜேர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் ஆகிய மூன்று நாட்டு மீனவரும் தாமே ஒரு கட்டுப்பாட்டை வகுத்தார்கள். மணிக்கணக்கில் பிடிபடும் அளவு குறைந்தால் கடலில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது, வலைக்கண்ணைப் படிப்படியாகப் பெரிதாக்குவது என்பவை அதன் விதிகள். அதன்பேரில் 2017 டிசம்பரில் எம்.எஸ்.சி. என்ற நிலைபேற்றுச் சான்றிதழ் கிடைத்தது. 400க்கும் மேற்பட்ட படகுகள் அதற்குள் வந்தன. வெளியில் இருந்து ஒருவர் திணிக்காமல் மூன்று நாட்டுத் தொழிலாளர் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டது பாராட்ட வேண்டிய செயல். மூன்று மொழி பேசும் கரைகளுக்குள் அந்த உடன்பாட்டைக் கொண்டுவருவது எளிதாக இருந்திருக்காது.

ஆனால் தரையில் உருளும் சட்டத்தின் கேள்வி தீரவில்லை. பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளில் கடலடியைத் தொடும் வலைகளை 2030க்குள் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2023 பெப்ரவரியில் ஒரு செயல்திட்டம் வைத்தது. சட்டக் கட்டாயம் உள்ள ஆவணம் அல்ல அது. ஆனாலும் ஜேர்மன் இறால் படகுகளின் தொழில்தரை பெரும்பாலும் வாடன் கடல் தேசியப் பூங்காவுக்குள்ளேயே இருப்பதால், மார்ச் மாதத்திலேயே படகுகள் திரண்டு எதிர்ப்புக் காட்டின. ஏற்கெனவே 2022இல் டீசல் விலையேற்றம் பலரைக் கரையில் நிறுத்தியிருந்தது. ஃபிரீட்ரிக்ஸ்கோக் துறைமுகமோ சேறு மூடி, தூர்வாரும் செலவுக்கு வழியில்லை என்று 2015இல் மூடப்பட்டது. ஒரு கரையில் படகு குறைந்தால் பனிக்கட்டிக் கடை போகும், வலை தைப்பவர் போவார், இளைஞர் வேறு வேலைக்குப் போவார்கள். இந்தச் சரிவும் அட்டவணைக்கு வெளியேதான் நடக்கிறது.

தெற்கே போனால் காட்சி வேறு. ஸ்பெயினின் கத்தலோனியக் கரையில் பலமோஸ் என்ற ஊர். காலையில் போன படகுகள் பிற்பகலில் வரிசையாகத் திரும்பும். செவ்விறாலைப் படகிலேயே பெரிது, நடுத்தரம், சிறிது என்று பிரித்து அடுக்கி வைத்திருப்பார்கள். மண்டபத்தில் ஏலம் மேலிருந்து கீழே இறங்குகிறது. திரையில் எண் குறைந்துகொண்டே வர, எவர் முதலில் பொத்தானை அழுத்துகிறாரோ அவருக்குப் பெட்டி. யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் ஏலம் கூறுபவர் குரல் உயர்த்தி விலையை ஏற்றுவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த மண்டபத்தின் அமைதி புதிதாக இருக்கும். இந்த இறால் பெரும்பாலும் உரிக்கப்படுவதில்லை, மொரோக்கோ போவதில்லை, ஊரின் பெயரையே வணிகப் பெயராகத் தாங்கி முழுதாக விற்கப்படுகிறது. மதிப்பின் பெரும்பங்கு துறையிலேயே தங்குவதற்கு அதுவே காரணம். 2013இல் ஸ்பானிய அரசு இந்த ஊருக்கென்றே ஒரு மேலாண்மைத் திட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் நிற்பதுபோல, பலமோஸிலும் குளிர்காலத்தின் கடைசியில் இரண்டு மாதம் செவ்விறாலுக்கு ஓய்வு.

அந்தச் செவ்விறால் திடீரென மறைந்து, சில ஆண்டு கழித்துப் பெருகி வருவதை மீனவர் தலைமுறைகளாகக் கண்டிருக்கிறார்கள். ஜோன் கொம்பானி என்ற கடலியலாளரும் குழுவினரும் 2008இல் அதற்கு விளக்கம் தந்தார்கள். கடுங்குளிர் ஆண்டுகளில் லயன்ஸ் வளைகுடாவின் மேல்நீர் குளிர்ந்து கனத்து, கடலடிப் பள்ளத்தாக்குகள் வழியே ஆழத்துக்கு விழுகிறது. அந்த வேகத்தில் இறால் இடம்பெயர்ந்து, பிடி சட்டென்று விழுந்துவிடும். ஆனால் விழும் நீர் தன்னோடு உணவையும் ஆழத்துக்கு இறக்குவதால், குஞ்சுகள் பிழைத்து மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குப் பின் நல்ல பிடி வருகிறது. அதே பலமோஸ் பள்ளத்தாக்கில் பெரே பூய்க் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. இழுவை மடிகள் பல பத்தாண்டுகளாகப் போய்வந்ததால் ஆழ்கடல் சரிவு உழுத வயலைப்போல் மட்டமாகிவிட்டது. ஒரு கிலோ செவ்விறாலின் விலையில் அந்தச் சரிவின் இழப்புக்கு என்று எதுவும் சேர்க்கப்படுவதில்லை.

2024 கடைசியில் மேற்கு மத்தியதரைக் கடலின் இழுவைப் படகுகளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 27 மீன்பிடி நாள்தான் என்று ஆணையம் முன்வைத்தபோது ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலித் துறைகள் கொதித்தன. வலைக்கண்ணைப் பெரிதாக்குவது முதலான நிபந்தனைகளை ஏற்றால் நாள்களைத் திரும்பப் பெறலாம் என்று இரவிரவாகப் பேசி முடித்தார்கள். சண்டையின் நடுவில் இருந்த சரக்குகளில் விலைமிக்கது செவ்விறால்.

சிசிலித் தீவின் மசாரா டெல் வால்லோ ஊருக்குச் செவ்விறால் இன்னும் பெரிய விலை கேட்டது. 2020 செப்டம்பர் 1 அன்று அந்தார்த்திதே, மெதினேயா என்ற இரண்டு படகுகளை லிபியப் படையினர் பென்காசிக்கு வடக்கே பிடித்தார்கள். 2005 முதல் தன் கரையிலிருந்து வெகுதூரம் வரை மீன்பிடி எல்லை என்று லிபியா சொல்லிவருகிறது. இத்தாலி அதைச் சர்வதேசக் கடல் என்கிறது. பிடிபட்ட 18 பேரில் இத்தாலியர் 8, துனிசியர் 6, இந்தோனேசியர் 2, செனகலர் 2. 108 நாள் சிறை. டிசம்பர் 17 அன்று இத்தாலியப் பிரதமர் கொந்தே தாமே பென்காசி போன பிறகே விடுதலை கிடைத்தது.

இராமேஸ்வரத்தையும் நெடுந்தீவையும் அறிந்தவர்களுக்கு இது தெரிந்த கதை. எல்லைக்கோடு, பிடிபடும் படகு, காத்திருக்கும் குடும்பம், தலைநகரங்களின் பேச்சு. ஒரே ஒரு வேறுபாடு, பாக்கு நீரிணையில் கோட்டின் இருபுறமும் தமிழர். அங்கும் சண்டையின் வேர் இறால்தான். அதன் தொடக்கத்தில் நோர்வே இருக்கிறது.

1890களின் கடைசியில் யொஹான் யோர்ட் என்ற கடலியலாளர் நோர்வேயின் ஃபியோர்டுகளின் ஆழத்தில் இறால் திரள் உண்டு என்று காட்டினார். அங்கிருந்து இழுவை மடி கொண்டு இறால் பிடிக்கும் தொழில் வளர்ந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1952இல், இந்தியா, நோர்வே, ஐ.நா. மூன்றும் ஒப்பமிட்ட திட்டம் ஒன்று கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கியது. கிராமத்து மக்களுக்கு மீன் உணவு பெருகவேண்டும், வள்ளங்களுக்கு இயந்திரம் வரவேண்டும் என்பது அதன் எண்ணம். உறைந்த இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கிராக்கி என்று தெரிந்ததும் திட்டத்தின் முகம் ஏற்றுமதி நோக்கித் திரும்பியது. 1960களில் அதன் நிலையம் ஒன்று மண்டபம் என்ற தமிழகக் கரையோர ஊரிலும் இயங்கியது. இழுவைப் படகு தமிழகக் கரையெங்கும் பரவியது.

ஈழத்துக் கரைக்கும் நோர்வே வேறு வழியில் வந்தது. 1956இல் நோர்வே போன யாழ்ப்பாணத்தவர் அன்ரனி இராஜேந்திரம் அங்கே திரட்டிய நிதியோடும் நண்பர்களோடும் காரைநகரில் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கக் காரணமானார். கண்ணாடியிழைப் படகு கட்டும் தளம் காரைநகரில், வலைத் தொழிற்சாலை குருநகரில். நோர்வேயில் தமிழர் குடியேறிய வரலாறே அந்த உறவிலிருந்துதான் கிளைக்கிறது. ஒரு கரைக்கு இழுவை மடியும் மறுகரைக்குச் சிறுபடகும் வலையும் ஒரே நாட்டின் நல்லெண்ணத்திலிருந்து வந்து சேர்ந்தன. பின்னாளில் அந்த இரண்டும் ஒரே கடலில் மோதிக்கொண்டன.

போர்க்காலத்தில் வடபகுதி மீனவருக்குக் கடல் தடைபட்டிருந்தது. 2009க்குப் பிறகு கடன்பட்டு வலை வாங்கி இறங்கியவர்கள், இரவில் வந்த தமிழக இழுவைப் படகுகள் தங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போவதைக் கண்டார்கள். கரைவந்தபின் கிழிந்த வலையைத் தூக்கிப் பார்க்கும்போது, அறுத்தவனும் தன் மொழி பேசுபவன் என்பது வலியைக் கூட்டவே செய்தது. தமிழகக் கரையோரம் கடலடியின் வளம் மெலிந்துவிட்டது. டீசலுக்கும் முன்பணத்துக்கும் ஈடுகட்டுவது இறால் ஒன்றுதான். முன்பணம் கொடுத்த வியாபாரி சொல்லும் விலைக்கே அந்த இறாலும் போகிறது. இழுவைப் படகில் கூலிக்குப் போகும் தொழிலாளியைப் பகைவன் என்று எழுதுவது அநியாயம். வலை அறுந்தவனின் இழப்பைப் பேசாமல் விடுவது அதைவிடப் பெரிய அநியாயம். இலங்கைப் பாராளுமன்றம் 2017 ஜூலையில் அடித்தரை இழுவையைச் சட்டத்தால் தடைசெய்தது. தமிழ்நாட்டிலும் அதே ஆண்டு இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைத் தொழிலுக்கு மாற்றும் அரசுத் திட்டம் தொடங்கியது. மாறிய படகுகள் குறைவு. சண்டை நிற்கவில்லை.

மீண்டும் ஐரோப்பாவுக்கு வந்தால், உரிக்கும் உழைப்பை மலிவான கைக்கு அனுப்பும் வழக்கம் வடகடலோடு முடியவில்லை. கொடுக்குள்ள நோர்வே சிங்கியை ஸ்கொட்லாந்து மீனவர் இறால் என்றே அழைக்கிறார்கள். அதை உரிக்கும் வேலையை 2006இல் ஸ்கொட்லாந்தின் அன்னன் ஊரிலிருந்து தாய்லாந்துக்கு அனுப்ப ஒரு பெரிய நிறுவனம் முடிவு செய்ததில் 120 பேரளவில் வேலை இழந்தார்கள். எதிர்முனையில் பெல்ஜியத்தின் ஓஸ்ட்டுயின்கெர்க்கே கடற்கரை. பெரிய குதிரைகள் மார்பளவு நீரில் இறங்கி வலை இழுக்க, மஞ்சள் மழையங்கி அணிந்தவர்கள் மேலே அமர்ந்து இறால் பிடிக்கிறார்கள். 2013இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபாக ஏற்றது. எடையில் அவர்கள் பிடிப்பது மிகச் சிறிது.

ஐரோப்பியர் தட்டில் விழும் இறாலில் பெரும்பகுதி எக்குவடோர், இந்தியா, வியட்நாம் போன்ற நாடுகளின் பண்ணைகளிலிருந்து வருகிறது. இலங்கைப் படகுகள் பிடித்த மீனுக்கு 2015 தொடக்கத்தில் ஒன்றியம் போட்ட தடை 2016 ஜூன் வரை நீடித்தது. இந்தியப் பண்ணை இறால் வந்திறங்கினால் பாதிச் சரக்கைச் சோதனைக்கு எடுக்க வேண்டும் என்று 2016இல் விதி வந்தது. வெளியிலிருந்து வரும் இறாலை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் ஒன்றியம், தன் கடலில் பிடித்து வெளியே அனுப்பி உரித்துத் திரும்பக் கொண்டுவரும் இறாலிடம் அதே அளவு கேள்வி கேட்பதில்லை.

கடையில் ஓட்டுடன் கிடக்கும் இறாலுக்கு இனப்பெயர், பிடித்த கடல், பிடித்த வலை எல்லாம் எழுத வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சட்டம் சொல்கிறது. அவித்து உரித்துப் பெட்டியில் அடைத்ததும் அது பதப்படுத்திய உணவாகி, அந்தக் கடமை தளர்ந்துவிடுகிறது. உரித்த இடத்தை எழுதச் சொல்லும் கட்டாயமே இல்லை. மீன்பிடிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டது. படகிலிருந்து கடைவரை சரக்கை மின்கணக்கில் தொடரும் முறை அதன்படி முதலில் புதிய, உறைந்த மீனுக்கும், பதப்படுத்தியதற்குப் பின்னரும் வருகிறது. அந்தக் கணக்கில் இரண்டு கூடுதல் கட்டங்கள் வேண்டும். உரித்த நாடு எது, உரித்தவருக்கு ஒரு கிலோவுக்குக் கொடுத்த கூலி எவ்வளவு என்பவை அவை. அதைக் கேட்க வேண்டியவர்கள் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள். ஜேர்மனியில் வாக்குரிமை பெற்ற தமிழர் ஒவ்வொருவரும் தம் உறுப்பினருக்கு இதைப் பற்றி ஒரு கடிதம் எழுதலாம். முகவரிகள் நாடாளுமன்றத்தின் இணையத்தளத்தில் இருக்கின்றன.